பனியில் சிக்கிய வண்டி

“இப்ப மேகம் விலகிடும்மா,” என்று உர்ஹோ மூன்றாவது தடவையாகச் சொன்னான்.

பின் இருக்கையில் ஹில்க்கா தலையை மட்டும் ஆட்டினார். எழுபது வயதிருக்கும். இரவு வானத்தில் பச்சையாகத் தெரியும் துருவ ஒளியைப் பார்க்க அன்றைக்கு அவர் ஒருவர்தான் பதிவு செய்திருந்தார்.

மாலை ஐந்து மணிக்கே நன்றாக இருட்டியிருந்தது. பின்லாந்தின் வடக்கே, ரோவனியெமி ஊரின் சாண்டா கிராமத்து விளக்குகள் பின்னால் மறைந்துவிட்டன. முதல் இரண்டு பயணங்களிலும் உர்ஹோவுக்கு ஒளி அகப்படவில்லை. இன்றும் இல்லையென்றால் பழைய வேலைதான் என்று சுற்றுலா நிறுவன முதலாளியம்மா சொல்லியிருந்தாள். பழைய வேலை என்றால், சாண்டாவின் குள்ள உதவியாள் வேஷத்தில், கூரான ரப்பர் காதை மாட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நாள் முழுக்கச் சிரிப்பது. விவாகரத்து ஆன அன்றுகூட அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

வடக்கே இருபது கிலோமீட்டர் ஓட்டினான். மேகமும் கூடவே வந்தது. காட்டுப்பாதையில் திரும்பினான். மரங்களுக்கு மேலே பச்சையாக ஏதோ தெரிந்தது.

“அதோ, பாத்தீங்களா?”

“பெட்ரோல் பங்க் போர்டு மாதிரி இருக்கே தம்பி.”

நெடுஞ்சாலைப் பங்க்தான். வெட்கத்தில் வண்டியை வேகமாகப் பின்னால் எடுத்தான். பின்சக்கரங்கள் ஓரத்துப் பனியில் இறங்கின.

கால்மிதியைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தான். சக்கரம் அதைக் காட்டுக்குள் வீசியது. மண்வெட்டியால் தோண்டினான், முன்சக்கரமும் இறங்கியது. கடைசியில், அந்தப் பக்கம் கலைமான் வளர்க்கும் ஐமோவுக்குப் போன் செய்தான்.

“டிராக்டர் வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம். மன்னிச்சிருங்கம்மா.”

“அப்ப வீடு திரும்ப ஒன்பது ஆயிடும்?”

“ஆயிடும்.”

“இப்படி அடிக்கடி நடக்குமா?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தான். குளிரில் விரல்கள் மரத்திருந்தன, பொய்க்குத் தெம்பில்லை.

“வாரத்துல ஒருநாளாவது எங்க டிரைவர்கள்ல யாராச்சும் மாட்டிக்குவாங்க. வெளிய சொல்றதில்ல.”

ஹில்க்கா மெதுவாக இறங்கி வந்தார். புதைந்த சக்கரத்தின் அருகே குனிந்து, கையுறையைக் கழற்றி அதைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் மேகம் கிழிந்தது. பச்சை ஒளி வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அலையலையாக இறங்கியது.

“வந்துருச்சும்மா. மேல பாருங்க.”

அவர் நிமிரவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

“அது எங்க ஊர்ல அடுப்படி ஜன்னல்லயே தெரியும் தம்பி. எங்க வீட்டுக்காரரும் இந்த வேலைதான் பாத்தாரு. முப்பது வருஷமா, லேட்டா வர்றப்பெல்லாம் வண்டி பனியில சிக்கிருச்சும்பாரு. அவரு சாகுற வரைக்கும் நான் ஒருதடவகூட நம்பல.”