டாக்குமெண்ட் எழுதிய மேகம்

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கத் தெரிந்த மனிதர் இந்தச் சிங்கப்பூரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் ஆபீஸில்தான் இருந்தார். என் தலையெழுத்து, அவர் மேசைக்கு எதிர் மேசை என்னுடையது.

பெயர் சொல்ல மாட்டேன். இப்போது வேறு நாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார், அந்தப் பிழைப்பை நான் கெடுக்க வேண்டாம். நாங்கள் அவரை டாக்குமெண்ட் என்றுதான் கூப்பிட்டோம். எதைக் கேட்டாலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அது டாக்குமெண்ட்ல இருக்குக்கா" என்பார். சர்வர் ஏன் நின்றது என்று கேட்டாலும் அதுதான் பதில். கழிவறையில் டிஷ்யூ தீர்ந்துவிட்டதே என்றாலும் அதுதான் பதில். ஒருநாள் ஆத்திரத்தில் போய்த் தேடிப் பார்த்தேன். நிஜமாகவே எழுதி வைத்திருந்தார். 'டிஷ்யூ, மாடிப்படிக்குக் கீழே, இடது பெட்டி. மழைக்காலத்தில் வலது பெட்டி.'

எங்கள் ஆபீஸ் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே பூ விற்றார்கள். மேலே நாங்கள் மேகம் விற்றோம். சிரிக்க வேண்டாம். உங்கள் போன் படங்களெல்லாம் மேகத்தில் இருக்கின்றன என்கிறார்களே, அந்த மேகம் வானத்தில் இல்லை. எவனோ ஒருவன் ஏசி போட்டுப் பூட்டி வைத்திருக்கும் அறையில் இருக்கிறது. பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் அதை ஊர் அளவுக்கு வைத்திருக்கின்றன. நாங்கள் ஒரு கண்ணாடி அறைக்குள் ஆறு பழைய சர்வர்களை வைத்திருந்தோம். அந்த ஆறையும் பல துண்டாக வெட்டி, கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் கிளினிக்குக்கும் ஆளுக்கொரு துண்டாக வாடகைக்கு விட்டோம்.

வெட்டித் தர ஒரு மென்பொருள் வேண்டும். அதை உலகம் முழுக்க முகம் தெரியாத பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், தப்பு இருந்தால் திருத்தி அனுப்புங்கள் என்று திறந்து போட்டிருந்தார்கள். திறந்த மூலம் என்று அதற்குப் பெயர். எல்லாருக்கும் திறந்துதான் கிடந்தது. ஓட்டத் தெரிந்தவர் எங்களிடம் ஒருவர்தான். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

என் வேலை போன் எடுப்பது, அதாவது திட்டு வாங்குவது. வாங்கியதை நான் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. அப்படியே எதிர் மேசைக்குக் கொடுத்துவிடுவேன்.

"யோவ், டியூஷன் சென்டர்காரன் கத்துறான். ரொம்ப ஸ்லோவா இருக்காம்."

"மார்சிலிங் இன்னிக்கு சரியில்லக்கா. நேத்துலேந்தே ஒரு மாதிரி இருக்கு."

மார்சிலிங் என்பது ஒரு சர்வரின் பெயர். ஆறுக்கும் சிங்கப்பூர்ப் பேட்டைகளின் பெயரை வைத்திருந்தார். காலாங், பீஷான், தெம்பனிஸ், ஈசூன், புக்கிட் பாஞ்சாங், மார்சிலிங். மார்சிலிங்கிலிருந்து பதில் வர நேரமாகும் என்பார், தூரமாம். ஆறு பெட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே அலமாரியில் இருந்தன. நான் நிஜ மார்சிலிங்கில் குடியிருப்பவள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

பூ விஷயம் இன்னும் மோசம். கீழே பூக்கடை அம்மா ஒருநாள் மேலே வந்து, "தம்பி, ஒங்க ரூமு நல்லா சில்லுன்னு இருக்காமே" என்று இழுத்தார். மறுநாளிலிருந்து சர்வர் அறையில் ஈரத்துணி போர்த்திய இரண்டு கூடை மல்லிகை. சர்வர் வாங்கிய கடையிலிருந்து சோதனைக்கு வந்த எஞ்சினியர் கூடைகளைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கதவில் இருந்த பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, மறுபடி உள்ளே போனார். டாக்குமெண்ட் அவரிடம் அமைதியாக, "ரூம் ரொம்ப டிரையா இருந்துச்சு சார், இப்ப பரவால்ல" என்றார். மீட்டரைப் பார்த்தால் ஈரப்பதம் சரியாக இருந்தது. அந்த மனிதர் ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்.

அந்த அறைக்குள் போனால் யாருக்கும் கோபம் நிற்காது. விசிறிகள் எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். பச்சை விளக்குகள் மினுக்கும். குளிரும் பூ வாசனையும் சேர்ந்து, நின்றுகொண்டே எங்கோ மிதப்பது மாதிரி இருக்கும். அதனால்தான் நான் அங்கே போவதில்லை. கோபம் இல்லாமல் என்னால் போன் எடுக்க முடியாது.

டாக்குமெண்ட் ஒருமுறை அந்தத் திறந்த மூல மென்பொருளில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, திருத்தி அனுப்பினார். ஒரே ஒரு வரி. அதை எங்கோ இருக்கும் இரண்டு பெரிய தலைகள் படித்துச் சரி சொன்னால்தான் சேர்ப்பார்கள். ஒருவர் விளக்கக் குறிப்பு போதாது என்றார். இன்னொருவர் விளக்கக் குறிப்பு நீளம் என்றார். ஒருவர் லீவில் போனார். எட்டு மாதம் ஆயிற்று. சேர்த்த அன்று டாக்குமெண்ட் ஆபீஸுக்கே லட்டு வாங்கி வந்தார்.

"எத்தனை லைன்?" என்றார் முதலாளி.

"ஒண்ணு சார்."

முதலாளி லட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அடுத்த வாட்டி ரெண்டா எழுதுங்க லா."

இனி அவருடைய எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினார், அதுவும் தமிழில். முதலாளிக்கு எரிச்சல்.

"இங்கிலீஷ்ல எழுதினா எல்லாருக்கும் புரியும்ல?"

"புரியும் சார். யாரும் படிக்க மாட்டாங்க. தமிழ்ல எழுதினா அக்காவாவது கிண்டல் பண்றதுக்குப் படிப்பாங்க."

படித்தேன். மத்தியானம் டீ நேரத்தில் செய்தி வாசிப்பவள் மாதிரி குரலை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். 'காலாங் ஆற்றோரத்துக்காரன். ஒன்றாம் துளையும் இரண்டாம் துளையும் அவனுக்கு. இவன் கண் பச்சையான பிறகே மற்றவர்களைத் தொடவும்.' ஆட்கள் டீயைத் துப்பிக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நீங்களே எழுதியதை நீங்களே ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "மறக்கறதுக்குத்தானேக்கா எழுதி வெக்கிறது" என்றார்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியவர் மேடம் லிம். பல் கிளினிக்குகள் வைத்திருந்தார். அவருடைய நோயாளிகளின் அப்பாயிண்ட்மெண்ட் எல்லாம் எங்கள் ஆறு பெட்டியில்தான் இருந்தன. ஒப்பந்தம் முடியும் சமயம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவரை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

முதலாளி எங்களை உட்கார வைத்துப் பச்சையாகச் சொன்னார். "மேடம் போயிட்டா ரூம மூடிருவேன். எனக்கு வேற வழி இல்ல."

அறையை மூடினால் டாக்குமெண்ட்டுக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் ரத்து. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த வருடம்தான் அவருடைய மகளுக்கு புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அரசுப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு இங்கே அது லேசில் கிடைப்பதில்லை. பரீட்சை எழுதி, காத்திருந்து, கிடைத்தது. முதலாளி பேசி முடித்ததும் டாக்குமெண்ட் ஜன்னலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அவரை முழு விழிப்பில் நான் பார்த்தது அப்போதுதான். எனக்குப் பிடிக்கவில்லை.

மேடத்துக்குப் பகட்டாக இருக்கட்டும் என்று முதலாளி சர்வர் அறைக்கு அட்டை காட்டினால் திறக்கும் புதுப்பூட்டுப் போட்டார். உள்ளேயிருந்து அழுத்தித் திறக்கும் பட்டன் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். முதலாளி காத்திருக்கவில்லை, அட்டையே போதும் என்றார். பூட்டை இயக்கும் மென்பொருளை எங்கே வைப்பது என்று பூட்டுக்காரர் கேட்டார்.

"நம்ம மேகத்துலயே வைங்க" என்றார் முதலாளி, மார்பை நிமிர்த்தி.

நான் என் பங்குக்கு டாக்குமெண்ட்டைப் பிடித்தேன். "உள்ள கேபிள் எல்லாம் மீ கோரெங் நூடுல்ஸ் மாதிரி கெடக்கு. அந்தம்மா பாத்தா என்ன நினைக்கும்? அழகா கட்டி வைங்க."

வருடக்கணக்கில் நான் சொன்ன எதையும் கேட்காதவர் இதைக் கேட்டுத் தொலைத்தார். வியாழன் காலை பத்தரைக்கு உள்ளே போய்ச் சில கம்பிகளைக் கழற்றிக் கட்டாகக் கட்டி மறுபடி மாட்டினார். எல்லாம் ஒரே நீல நிறம். மாட்டும்போது ஒரு கம்பியின் இரண்டு முனைகளையும் ஆறு சர்வரையும் இணைக்கும் ஸ்விட்ச் என்கிற ஒரே பெட்டியிலேயே குத்திவிட்டார். செய்தி ஒரு துளையில் கிளம்பி அடுத்த துளை வழியாக அதே பெட்டிக்கே திரும்பி வந்து, மறுபடி கிளம்பி, பெருகி, பெட்டி திணறிப்போனது. மேகம் படுத்துவிட்டது.

என் மேசையில் மூன்று போன்கள் ஒரே நேரத்தில் அலறின. ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்குமெண்ட் பதறிப்போய் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அட்டையைக் காட்டினேன். கதவு திறக்கவில்லை. அவர் உள்ளேயிருந்து காட்டினார். திறக்கவில்லை. அவருடைய போன் என் மேசையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். 'டாக்குமெண்ட் மேகத்துல இருக்கு. மேகம் இல்ல.' தாளைத் திருப்பினார். 'கதவும் மேகத்துல இருக்கு.'

எந்தக் கம்பி எந்தத் துளைக்கு, யார் முதலில், யார் கடைசி, எல்லாம் எழுதி வைத்துவிட்டு மறந்திருந்தார்.

"கண்ணாடிய ஒடச்சிரலாமா?" என்றார் முதலாளி.

"ஒடச்சா? கம்பிய நீங்க மாட்டுவீங்களா?"

கண்ணாடி வழியாகக் கத்தினால் விசிறி இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. ஒரே வழிதான் இருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஐம்பது வயதுப் பொம்பளை, சேலையைச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்தேன். அவர் அந்தப் பக்கம் காதைத் தரையில் வைத்துப் படுத்தார். இடுக்கு வழியாகக் குளிரும் மல்லிகையும் என் முகத்தில் வந்து மோதின. ஒரு நிமிஷம் எதற்குப் படுத்தோம் என்பதே மறந்துவிட்டது. அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது. பிறகு வாயைத் திறந்தேன். தானாக வந்தது.

"காலாங் ஆற்றோரத்துக்காரன். ஒன்றாம் துளையும் இரண்டாம் துளையும் அவனுக்கு."

அவர் எழுந்து மாட்டினார். திரும்பி வந்து படுத்தார்.

"பீஷான் நடுவே நிற்பவன். மூன்று, நான்கு. எல்லாரும் இவன் வழியாகத்தான் போவார்கள், இவனை அவசரப்படுத்த வேண்டாம்."

எழுந்தார். மாட்டினார். படுத்தார். பின்னால் ஹை ஹீல்ஸ் சத்தம் கேட்டது. மேடம் லிம் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"வாட் இஸ் ஷி டூயிங்?"

"செக்யூரிட்டி புரொசீஜர், மேடம்" என்றார் முதலாளி. அந்த நிலைமையில் அதைவிட நல்ல பொய் எனக்கும் தோன்றியிருக்காது.

நான் நிறுத்தவில்லை. தெம்பனிஸ், ஈசூன், புக்கிட் பாஞ்சாங். கடைசியில், "மார்சிலிங் வடக்கே இருப்பவன். பதினொன்று, பன்னிரண்டு. எழுந்திருக்க நேரம் எடுப்பான். திட்ட வேண்டாம்." திட்டாமல் காத்திருந்தேன். எனக்கு அது சுலபமான காரியம் இல்லை.

மேடத்தின் போன் அடித்தது. கிளினிக்கில் அப்பாயிண்ட்மெண்ட் வந்துவிட்டதாம். அடுத்த நொடி பூட்டு 'டிக்' என்றது. உள்ளேயிருந்து மூக்கு சிவந்து, கையில் மிச்சக் கம்பியோடு டாக்குமெண்ட் வெளியே வந்தார். மேடம் அவரைப் பார்த்தார், தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார், மல்லிகைக் கூடைகளைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். டாக்குமெண்ட் மறைக்காமல் சொன்னார். தப்பு என்னுடையது, கம்பியை மாற்றிக் குத்திவிட்டேன், இனி அந்தப் பூட்டு மேகத்தில் இருக்காது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

போன தடவை வேறொரு கம்பெனியில் கோளாறு வந்தபோது ஒரு மனிதக் குரலைக் கேட்கவே தமக்கு அரைநாள் ஆனது என்றார் மேடம். இங்கே யாராவது தரையில் படுக்கவாவது செய்கிறார்கள் என்றார். முதலாளி மூன்று வருடம் கேட்டார். "ஒன் இயர். கேன்?" என்றார் அவர். முடியுமா என்பதற்கும் முடியும் என்பதற்கும் இந்த ஊரில் அந்த ஒரே சொல்தான். கேன் என்றோம்.

டாக்குமெண்ட்டை நான் கீழே டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். படி முழுக்கத் திட்டினேன். ஒரு வேலை சொன்னால் ஒழுங்காகச் செய்யத் தெரியாதா, பிள்ளை படிப்பு என்ன ஆகியிருக்கும், மூளை இருக்கிறதா என்றெல்லாம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எப்பக்கா மனப்பாடம் பண்ணீங்க?"

"வாய மூடிட்டு டீயக் குடிங்க."

ஒரே மடக்கில் குடித்தார். என் டீயையும் அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.