பசையா, திருகாணியா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். சுகமில்லாமல் கிடப்பது நீ அனுப்பிய மடிக்கணினி மட்டுமே.

உங்கள் நிறுவனத்தின் புதிய கணினியைத் திருகாணி போட்டு மூடுவதா, பசை போட்டு ஒட்டுவதா என்று உனக்கும் உன் மேலாளருக்கும் வாக்குவாதம் என்று போனில் சொன்னாய். "நாப்பது வருஷத்துக்கு முந்தின டிசைனை இப்ப யார் மதிக்கிறாங்க?" என்று திருகாணி கேட்ட உன்னிடம் அவர் கேட்டாராம். நான் மதிக்கிறேன் என்று சொல். காரணத்தையும் சொல்.

போன ஞாயிறு மாலை குடியிருப்போர் சங்கத் தேர்தல். செயலாளர் பதவிக்கு நின்ற உன் அம்மா, மதியம் பேச்சைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் தேநீரோடு உட்கார்ந்தேன். மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பழுது பார்ப்பவர் புரட்டிப் பார்த்து, "சார், கீபோர்டு, பேட்டரி, போர்டு எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டி வச்சிருக்காங்க. பிரிச்சா செத்துடும்" என்றார். "இப்ப மட்டும் உயிரோடவா இருக்கு?" என்றேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து, நீ சின்ன வயதில் விளையாடிய பழைய கணினியைப் பரணிலிருந்து இறக்கினேன். விசைப்பலகைக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடக்கம். டிவியில் இணைத்தால் போதும். இணைத்தேன். திரை வெளுத்துக் கிடந்தது. "ஆரம்பிச்சிட்டீங்களா" என்றாள் உன் அம்மா. நான் அசரவில்லை. அடியில் மூன்றே திருகாணி, கழற்றினேன். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளே இருப்பதையெல்லாம் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வாங்குகிறவனுக்கும் மூளை உண்டு என்று நம்பிய மகராசன்கள். ஒரு மின்னணுச் சில்லு தன் இருப்பிடத்திலிருந்து லேசாக எழும்பி நின்றது. கட்டைவிரலால் அமுக்கினேன். ஸ்விட்சைப் போட்ட இரண்டாவது விநாடி கணினி தயார். அம்மா தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். டிவி நிறையப் பேச்சு. எதிர்வீட்டுப் போட்டியாளர் படித்துவிடுவார் என்று திரைச்சீலையை வேறு இழுத்துவிட்டாள். மாலையில் பேசினாள். பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். பசை போட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று உன் மேலாளரைக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. உன் வாக்குவாதத்தில் நீயே ஜெயிக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்துவிட்டு உன் அம்மா இதையும் எழுதச் சொல்கிறாள். டிவியைப் பார்த்து அவள் மூன்றாவது வரியைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது நான் இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. அணைந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் கணினி அது, பேச்சு போனது போனதுதான். மேடையில் அந்த மூன்று வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சங்கம் தொடங்கியதிலிருந்து இவ்வளவு சுருக்கமாக யாருமே பேசியதில்லையாம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.