கம்பி வேலியும் ஈர விரலும்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டோ என்ற ஐயத்துடனேயே இதைத் தொடங்குகிறேன். பிழைகள் தென்படின், கற்றறிந்த வாசகர்கள் அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"லோஜி, விரலக் காட்டு."

ஐந்து வயது லோஜினி வலது கட்டைவிரலை நீட்டினாள். நெடுநேரம் நீரில் கிடந்ததைப் போல் அது ஊறிச் சுருங்கியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்திருந்த அவளுடைய தந்தை பிரதாப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான்கு நாட்களுக்கு முன்புதான் ஹட்டன் நகரத்துப் பல் வைத்தியர் அவளது கடைவாய்ப் பற்களில் வளையம் ஒட்டி, மேல் முன்பற்களுக்குப் பின்னே கம்பியால் ஒரு வேலி அமைத்திருந்தார். விரல் சூப்புவதில் சுகம் கிடைக்காது போனால், பழக்கம் தானே ஒழிந்துவிடுமாம்.

விரல் சூப்பித் துருத்திய முன்பற்களால் பள்ளிக்காலம் முழுவதும் 'தேங்காத் துருவி' என்று அழைக்கப்பட்டவர் பிரதாப். வருகிற ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போகவிருக்கும் மகளுக்கு அந்தப் பட்டம் வாரிசுரிமையாகப் போய்விடக் கூடாது என்பதே அவரது கவலை.

"நான் சூப்பலப்பா."

"அப்ப விரலு மட்டும் மழையில நனஞ்சிச்சா?"

தோட்டத்துத் தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில்தான், லோஜினியும் எட்டு மாதத் தம்பி மதுரனும் பகலைக் கழிப்பார்கள். மறுநாள் காலை அங்கே அனுப்புமுன், மகளின் விரலில் பாவற்காய்ச் சாற்றைத் தாராளமாகத் தடவினார் பிரதாப்.

நண்பகலில் பிள்ளைக் காம்பராவிலிருந்து தேயிலை மலைக்கு ஆள் வந்தது. மதுரன் அழுகையை நிறுத்தவில்லையாம். தாய் வினோதா கூடையை இறக்கிவிட்டு ஓடினார். கொழுந்து குறைந்ததால் அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழுந்தது.

"புள்ளைக்குக் கண்ணூறுங்க," என்று மாலையில் வினோதா காய்ந்த செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். வீடே இருமியது, மதுரன் மட்டும் சிரித்தான்.

அடுத்த நாளும் சாறு தடவப்பட்டது. ஆனால் மதுரன் அழவில்லை. மிளகாயின் மகிமை என்றார் வினோதா. மாலையில் விரலோ மீண்டும் ஊறியிருந்தது.

"சாறு எங்க?"

"கழுவிட்டேன்."

"ஏன்?"

"கசக்குமே."

"சூப்பாதவளுக்குக் கசக்குமுன்னு எப்பிடித் தெரியும்?"

வழக்கில் வென்ற சட்டத்தரணியைப் போல் மனைவியை நிமிர்ந்து பார்த்தார் பிரதாப்.

மூன்றாம் நாள் தம் காலுறை ஒன்றை மகளின் கையில் மாட்டி, மணிக்கட்டில் முடிச்சும் போட்டார். நண்பகலில் மறுபடி ஆள் வந்தது. மறுபடி அரைப்பேர்.

"வீட்டுல மிளகாயும் தீந்துருச்சுங்க!" என்று வினோதா தொழிற்சாலை வாசலுக்கே வந்து நின்றார்.

"எல்லாம் அந்தக் கம்பி வந்த நேரம். இன்னைக்கே கழட்டச் சொல்றேன்," என்றார் பிரதாப்.

விடுப்புச் சொல்லிவிட்டு, மகளை ஹட்டனுக்கு அழைத்துப்போகப் பிள்ளைக் காம்பராவுக்கு விரைந்தார். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கண்ணு, வீறிட்டழும் மதுரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே மறித்தார்.

"லோஜினியப்பா, பாப்பா விரல்ல என்ன காயம்? எப்ப ஆறும்?"

"காயமெல்லாம் இல்லக்கா. சூப்பக் கூடாதுன்னுதான் கட்டுனேன்."

அம்மாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு, காலுறையை உருவி எறிந்தார்.

"அட கடவுளே! அவ சூப்புறத விட்டு ஒரு வாரமாச்சு. 'எனக்கு இனி வேணாம்'னு அந்த விரலத் தம்பிக்குல்ல குடுத்துட்டா!"

இழந்தவை: பாவற்காய் இரண்டு, செத்தல் மிளகாய் ஒரு பிடி, காலுறை ஒன்று, அரைப்பேர் இரண்டு, பிரதாப் அவர்களின் வழக்கு. கம்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது.