மேசைக்கு அடியில் விழுந்த மிதி

பாசிர் ரிஸ்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

சம்பந்தி ஆகப்போகிறவர் என்று நான் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கும் உயர்திரு சிங்காரவேலு அவர்களுக்கு, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் மருதப்பன் பணிவன்போடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் கமலாவும் மகன் சரத்தும் இறையருளால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் வலது கால் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. தோசை மட்டும் இறங்குகிறது. நீங்கள் போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. ஆகவே கரும்பலகையில் எழுதித் தேய்ந்த கையால் காகிதத்தில் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, நடுவில் யாரும் என்னை நிறுத்த முடியாது. நான் சொல்ல வந்த விஷயமும் ஏறக்குறைய அதுதான்.

போன ஞாயிறு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உங்கள் காலில் விழுந்த மிதி உங்களுக்கு உரியது அல்ல. அது எனக்கு வரவேண்டிய மிதி. சபையில் நான் பேச்சை நீட்டினால் கமலா மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பாள். கல்யாணமான காலத்திலிருந்து இதுதான் எங்கள் வழக்கம். மேலே முகத்தில் ஒன்றும் தெரியாது, சிரித்தபடி பாயசம் ஊற்றுவாள். கீழே குதிகால் இறங்கும். நானும் வாக்கியத்தை இருந்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டுப் பாயசத்தைக் குடிப்பேன். எங்கள் உறவினர்கள் பலர் நான் பாயசப் பிரியன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஓர் அறிவியல் உண்டு என்பதை எனக்குச் சொன்னதே உங்கள் மகள் ரக்ஷனாதான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவள் என்ன ஆராய்கிறாள் என்று அன்று உங்களைக் கேட்டேன். "ஏதோ எலி" என்றீர்கள். எலி இல்லை ஐயா, எலியின் மூளைக்குள் இருக்கும் தடுப்பு நரம்பணுக்கள். அந்தப் பெண் எவ்வளவு அழகாகச் சொன்னாள். "அங்கிள், மூளையில எல்லா செல்லும் பேசு பேசுன்னு சொல்றதில்ல. சுமாரா அஞ்சுல ஒண்ணு, சும்மா இருன்னு சொல்றதுக்குன்னே இருக்கு. அது இல்லன்னா மொத்தமும் ஒண்ணா சேந்து கத்தும், ஃபிட்ஸ் வந்துரும்" என்றாள். நீங்கள் அப்போது வடையில் கவனமாக இருந்தீர்கள். ஜாலான் புசாரில் குழாய்ச் சாமான் கடை வைத்திருப்பவருக்கு இதை நானா விளக்கவேண்டும்? தண்ணீர் வருவதற்கு ஓர் ஓட்டை போதும். அதை வேண்டியபோது நிறுத்துவதற்குத்தான் பித்தளை, வாஷர், திருகு, உங்கள் கடை, உங்கள் கடையால் வாங்கிய கார் எல்லாம். வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டால் நாற்பது கை எழும்பும். ஒருவனைப் பார்த்து "நீ சொல்லு" என்றால் மற்ற கைகள் இறங்கவேண்டும். இறங்கினால் அது பாடம், இறங்காவிட்டால் சந்தை. சந்தையிலும்கூட, தேக்காவில் அத்தனை பேர் கூவுகிற இடத்தில் உங்கள் காதுக்கு மீன்காரர் குரல் மட்டும் எப்படிக் கேட்கிறது? மற்றவர்களை எல்லாம் உள்ளே யாரோ அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூளையில் எந்தப் பாதை உறுதிப்படும், எது ஒடுங்கிப்போகும் என்று உருவம் கொடுப்பதில் இந்தத் தடுப்பவர்களுக்கும் பங்கு உண்டாம். நான் இன்றைக்கு ஓரளவு பார்க்கும்படி இருக்கிறேன் என்றால், அது கமலாவின் குதிகால் செதுக்கியது.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் கையைத் தூக்குங்கள். எனக்குத் தெரியப்போவதில்லை, ஆனாலும் தூக்குவது நல்ல பழக்கம்.

அடுத்தது ஏற்பிகள். தடுப்பு நரம்பணு காபா என்ற ஒரு பொருளைச் சொட்டுவிடுகிறது. அதை வாங்கிக்கொள்ள அடுத்த செல்லின் மேல்தோலில் ஏற்பிகள் இருக்கின்றன. ஒருவகை ஏற்பி கண் இமைப்பதற்குள் வேலையைக் காட்டும். இன்னொரு வகை மெதுவாகத் தொடங்கி, முந்தையதைவிட நெடுநேரம் இழுத்துக்கொண்டிருக்கும். விடுகிற பொருள் ஒன்றுதான், வாங்குகிற இடம் வேறு. உதாரணத்துக்குக் கமலாவையே எடுத்துக்கொள்வோம். மேசைக்கு அடியில் விழுகிற மிதி வேக வகை. வீட்டுக்கு வந்தபின் பேசாமல் இருப்பது மெதுவான வகை. உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி ரயிலில் ஏறியதும் அது தொடங்கியது. தெம்பனிசில் வண்டி மாறியபோதும் இருந்தது, பாசிர் ரிஸ் வந்தபோதும் இருந்தது. இந்த வரியை எழுதும்போதும் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பிறந்த குழந்தையின் மூளையில் இதே காபா அடக்குவதற்குப் பதிலாகச் சில சமயம் உசுப்பிவிடுமாம். செல்லுக்குள் உப்பின் ஒரு பகுதியான குளோரைடு அதிகமாக இருப்பதுதான் காரணம். வளர வளர அது வெளியே இறைக்கப்பட்டபிறகுதான் தடுப்பு தடுப்பாகிறது. எங்களுக்குப் புதிதாகக் கல்யாணமானபோது என் மண்டையிலும் அந்த உப்பு நிறைய இருந்திருக்கவேண்டும். மாமனார் வீட்டு விருந்தில் கமலா முதன்முதலாக மிதித்தபோது, "ஏன் என் கால மிதிக்கிற?" என்று சபை நடுவில் உரக்கக் கேட்டேன். அதன்பிறகு அந்த உப்பைக் கமலா இறைத்துவிட்டாள்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். நாங்கள் பூவும் பழமும் தட்டுமாக உள்ளே வந்தபோதே எனக்கு வாய் துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது. செருப்பு அடுக்கைப் பார்த்து ஒரு கருத்துச் சொன்னேன், கமலா இருமினாள். உங்கள் மின்விசிறியின் வேகம் பற்றி ஒன்று சொன்னேன், மிதித்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் உங்கள் மனைவி எழுந்து, "வாங்க, புடவை எல்லாம் காட்டறேன்" என்று கமலாவின் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். யார்மேலும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் அறிவியல்படி பார்த்தால் குற்றம் உங்கள் மனைவியுடையது. மூளையில் தடுப்பவர்களையே தடுப்பதற்கென்று வேறொரு வகைத் தடுப்பு நரம்பணு இருக்கிறது என்று ரக்ஷனா சொன்னாள் அல்லவா? காவல்காரரைக் கையைப் பிடித்துக் காப்பி குடிக்க அழைத்துப்போனால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். கமலா பட்டுப்புடவைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள், நான் திறந்துகொண்டேன். சுவரில் மாலையும் கழுத்துமாக மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "பெரியவர் எப்போது காலமானார்?" என்று கேட்டது அப்போதுதான். அவர் உங்கள் மைத்துனர் என்றும், அது அறுபதாம் கல்யாணத்தில் போட்ட மாலை என்றும், அவர் எனக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறார் என்றும் எனக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்து, "அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கீங்க, தம்பியா?" என்று வேறு கேட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கமலா அறையிலிருந்து வெளியே வந்தாள்.

எல்லோரும் மீண்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். எனக்கு ஒரு மிதி பாக்கி இருக்கிறது என்று தெரிந்து காலைத் தயாராக நீட்டிவைத்தேன். அது வரவில்லை. நீங்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்களுக்கு முழுச் சம்மதங்க. ஆனா ஒரே ஒரு..." என்று ஆரம்பித்தீர்கள். சட்டென்று நின்றீர்கள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கமலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்று சொல்லி எழுந்துபோய்க் கைகழுவினீர்கள்.

அன்று மாலையே ரக்ஷனா மூலமாகச் சரத்துக்குச் செய்தி வந்துவிட்டது. அவன் என்னிடம் வந்து, "அப்பா, அம்மா அவர் கால மிதிச்சாங்களாம். பையனோட அம்மாவுக்கு இஷ்டமில்ல, ஜாடை காட்டறாங்கன்னு நெனச்சிட்டாரு லா. அம்மாகிட்ட இதச் சொல்லாதீங்க, ஒடஞ்சு போயிடுவாங்க" என்றான். அம்மாவிடம் சொல்ல எனக்கு வழியுமில்லை, அவள்தான் பேசுவதில்லையே. சரத் ரயில் சிக்னல் பராமரிப்பில் வேலை செய்கிறவன். நேற்றுச் சாப்பிடாமல் எழுந்தவன் சொன்னான்: "செவப்பு லைட்டுக்காவது எதுக்கு நிக்கிறோம்னு ஒரு காரணம் இருக்கும்பா." அதன்பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

நடந்தது இதுதான், சம்பந்தி. மூளையில் தடுப்பு நரம்பணுக்கள் எங்கே பிடிக்கவேண்டும் என்று தெரிந்து பிடிக்கின்றன. சில அடுத்த செல்லின் உடம்பைச் சுற்றி வளைக்கும், சில கிளைநுனியை மட்டும் தொடும். கமலாவுக்கும் இத்தனை வருடத்தில் குறி தவறியதில்லை. ஆனால் எங்கள் வீட்டு மேசை சதுரம், உங்கள் வீட்டு மேசை வட்டம். வட்டத்தில் எந்தக் கால் எவருடையது என்று தெரியாமல், எனக்கு வந்த காபா உங்கள் ஏற்பியில் இறங்கிவிட்டது. அவளுக்கு ரக்ஷனாவை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் பேசும்போது அவள் ஒருமுறைகூட இருமவில்லை. என் வாய்க்காக என் பிள்ளையைத் தண்டிக்காதீர்கள். பாதியில் நின்ற அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து முடியுங்கள். அந்த "ஒரே ஒரு" எதுவாக இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

உங்கள் குழாய்கள் ஒழுகாமலும், உங்கள் கால் வீங்காமலும், வீட்டில் எல்லோரும் சீரும் சிறப்புமாக வாழ இறைவனை வேண்டும்,
மருதப்பன்.

மைத்துனருக்கு என் வணக்கத்தைத் தனியாகச் சொல்லவும். நூறாண்டு இருப்பார்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் தயவுசெய்து மறந்துவிடவும். கமலா இப்போதுதான் தேக்காவிலிருந்து மீனோடு வந்தாள். உறை ஒட்டுவதற்குள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, மௌனத்தைக் கலைத்தாள். "நான் எங்க மிதிச்சேன்? அந்த போட்டோ கூத்துக்கு அப்புறம், இந்த மனுசன மிதிச்சு ஒரு பிரயோசனமும் இல்லன்னு கால மடக்கி நாற்காலி மேலயே வச்சுக்கிட்டேன். அவர மிதிச்சது அவர் வீட்டம்மா. இப்பத்தான் மீன் கடையில அவங்களே சொன்னாங்க. தையில கல்யாணம்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணியாச்சு. நீங்க நாலு பக்கம் எழுதிக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள். சரத் இரண்டாவது தட்டுத் தோசை வாங்கிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே என் விளக்கமும் வட்ட மேசையும் வீண், உங்கள் கோபமும் வீண். உங்களை நிறுத்தியது உங்கள் வீட்டுத் தடுப்பு நரம்பணுதான். இத்தனை வருடம் மிதிபட்டும் அது யார் மிதி என்று உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். அந்த "ஒரே ஒரு" நிபந்தனை என்ன என்பதையும் உங்கள் வீட்டம்மா சொல்லிவிட்டார்களாம். கல்யாண விருந்தில் கரோக்கே வைத்து நீங்கள் ஒன்பது பாட்டுப் பாட நாங்கள் விடவேண்டுமாம். கமலா கடிதத்தைக் கிழித்துப்போடச் சொன்னாள். ஆனால் சம்பந்திக்குச் சம்பந்தி உதவாமல் யார் உதவுவது? விருந்தன்று நம் மனைவிமார் இருவரையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் ஒரு பட்டுப்புடவையை வைத்துவிடுவோம். தடுப்பவரைத் தடுப்பவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஒன்பதையும் பாடலாம், பாட்டுக்குப் பாட்டு இடையில் நான் சிறிது பேசலாம். என்னுடைய யோசனை இன்னும் ஒன்றே ஒன்று உண்டு, அது என்னவென்றால், கமலா ஏதோ எடுக்க வருவதுபோல மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறாள், சிரிக்கிறாள், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நாம் இருவரும்