வைஃபை கத்திய கதை

அன்றைக்கு மும்பை தேவ்நார் ஹாஸ்டலின் மூன்றாம் மாடி அறையில் இருந்தது நான், அப்பா, அம்மா, தாராவி மாமா என்று நான்கு பேர். ஒரு கதலித் தாரையும் சேர்த்தால் ஐந்து. அதுவும் ரயிலில் முழு சீட்டை அடைத்துக்கொண்டுதான் வந்தது. வராதவள் என் அக்கா. ஊரில் அந்த வாரம் எங்கள் வாழைக்குத் தண்ணீர் முறை என்பதால் அவள் தங்கிவிட்டாள். எங்கள் வீட்டு மூளையும் அவளோடு ஊரிலேயே தங்கிவிட்டது என்பது அன்று மாலைக்குள் இருநூறு பேருக்குத் தெரிந்துபோயிற்று.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினெட்டு வயதில் நான் எல்லாம் தெரிந்தவனாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள் நான்தான் என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டு 'முதல் பட்டதாரிச் சான்றிதழ்' கொடுத்திருந்தார். தமிழ்நாட்டுக்குள் படித்தால் கட்டணத்தில் சலுகை கிடைக்கும் காகிதம் அது. மும்பையில் அதைக் காட்டினால் ஒரு வடாபாவ்கூடத் தர மாட்டார்கள். (அது எனக்கு அப்போது எங்கே தெரியும்?) நான் அதை லேமினேட் செய்து சட்டைக்குள் வைத்திருந்தேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அடையாள அட்டை கேட்டபோது அதைத்தான் முதலில் நீட்டினேன். மனிதர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

வழியெல்லாம் அப்பா கேள்வி, நான் பதில்.

"இது என்ன ஆறுலே?"

"கிருஷ்ணாப்பா."

பாலம் முடியும் இடத்தில் பலகையில் 'பீமா' என்று எழுதியிருந்தது. நான் திருத்தவில்லை. சான்றிதழ் வைத்திருப்பவன் ஆற்றுக்கெல்லாம் பயப்படுவதா?

தார் எதற்கு என்றால், வார்டனுக்கு. ஹாஸ்டலில் எனக்குக் கிடைத்தது காத்திருப்போர் பட்டியலில் கடைசி இடம். "இது தற்காலிகம். திங்கட்கிழமை பத்து மணிக்கு வார்டன் மேடம் பார்த்து முடிவு சொல்வார்" என்றுதான் சனிக்கிழமை காலையில் சாவியைக் கொடுத்தார்கள். அறை இல்லையென்றால் படிப்பும் இல்லை. வெளியே வாடகைக்கு எடுக்க எங்கள் வாழை பத்து வருஷம் குலை தள்ள வேண்டும். மாமா வீடோ தாராவியில் பத்துக்குப் பத்து அறை, மேலே ஒரு பரண், உள்ளே ஆறு பேர். மாமா தோல் பட்டறையிலிருந்து வந்தால் அவர் படுப்பதற்காக ஒருவர் எழுந்து நிற்க வேண்டும்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே அதிகாரி எங்கள் ஊர் வி.ஏ.ஓ. அவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு தார் இருக்கும். மும்பையிலும் அதுதான் முறை என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

"இங்கெல்லாம் லஞ்சம் கொடுக்கக் கூடாதுப்பா."

"யாருலே லஞ்சம் கொடுத்தா? நம்ம வயல்ல வெளஞ்சது, ஒரு மரியாதைக்குக் கொடுக்கோம்."

சிக்கல் என்னவென்றால், முப்பத்தாறு மணி நேரப் பயணத்துக்குப் பிறகும் தார் பச்சையாகவே இருந்தது. அப்பா ஒரு காயைத் தட்டிப் பார்த்தார். "இத இப்படியே கொடுத்தா பஜ்ஜி போட்டுத் தின்னுன்னு சொன்ன மாதிரில்லா இருக்கும்? மூட்டம் போட்டுருவோம்."

மூட்டம் போடுவது வாழை விவசாயிகளின் வேலை. காயை அடைத்த இடத்தில் வைத்து, சருகைப் புகைய விட்டு மூடிவிட்டால், இரண்டு நாளில் தார் மஞ்சளாகிவிடும். அறையில் ஒரு இரும்பு அலமாரி இருந்தது. அப்பா அதைத் திறந்து மூடிப் பார்த்து, "இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

தாரைச் சுற்றி வந்த வாழைச் சருகு, அம்மா கொண்டுவந்த தேங்காய்களின் நார், மாமாவின் பீடித் தீப்பெட்டி, எனக்கென்று வாங்கிய புது எவர்சில்வர் தூக்குச்சட்டி. எல்லாம் தயார். தீக்குச்சியைக் கிழிக்கும் முன் அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"மேல வெள்ளையா உருண்டையா ஒண்ணு, செவப்பாக் கண்ணு சிமிட்டுதே, அது என்னலே?"

நானும் அண்ணாந்து பார்த்தேன். அதற்கு முன் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"வைஃபைப்பா."

"பொகை பட்டா ஒண்ணும் ஆகாதுல்லா?"

"வைஃபையைப் புகை ஒண்ணும் செய்யாதுப்பா."

(அந்த வாக்கியத்தில் விஞ்ஞானப்படி இன்றுவரை ஒரு பிழையும் இல்லை.)

அப்பாவின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. தீ இல்லை, புகை மட்டும். அலமாரிக் கதவின் இடுக்குகளில் ஈரத்துண்டைச் சுருட்டித் திணித்தார். ஒரு நூல் புகை வெளியே வரவில்லை. "நாளைக்கு வரைக்கும் எவனும் தொறக்கப்படாது" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

நான் திறந்தேன்.

ஏன் திறந்தேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். எப்படிப் போகிறது என்று ஒரு மேற்பார்வை, அவ்வளவுதான். புகை என் முகத்தில் அறைந்துவிட்டு, கட்டிலுக்கு மேலே எழும்பியது. "எய்யா, மூடுலே!" என்று அம்மா கத்தினாள். நான் பதறவில்லை. காற்று வந்தால் புகை கலையும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தவன் நான். மின்விசிறியை ஐந்தில் வைத்தேன். இருந்த புகையெல்லாம் சுருண்டு நேராக மேலே, அந்தச் சிவப்புக் கண்ணுக்குப் போனது.

அது கத்தத் தொடங்கியது. அதைக் கேட்டு அடுத்த அறையில் ஒன்று. பிறகு மாடிக்கு மாடி, கட்டிடமே ஒரே தொண்டையாகக் கத்தியது. அப்பா முகத்தில் சோப்போடு ஓடி வந்தார்.

"என்னலே, உன் வைஃபை இந்தக் கத்து கத்துது!"

ஏழு மாடியும் காலியானது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொண்டுவிட வந்த அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் பாதி சவரத்தோடு ஓடினான். எங்கள் அம்மா முறுக்கு டின்னை எடுக்காமல் நகர மாட்டேன் என்றாள். மாமா புகைந்துகொண்டிருந்த தாரைத் தோளில் தூக்கிக்கொண்டார். தீ எங்கே பிடித்தது என்று யாரும் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கீழே வாட்ச்மேன் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். வார்டன் மேடம் வந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் சாவிக்கொத்து. ஆங்கிலத்தில் ஒருமுறை, ஹிந்தியில் ஒருமுறை, யார் செய்தது என்று கேட்டார். மாமா தாரோடு முன்னால் போனார்.

"மேடம், ஆக் நை! கேலா! சிர்ஃப் கேலா!" தீ இல்லை, வெறும் வாழைப்பழம்தான் என்று அர்த்தம். மேடத்தின் முகம் இளகவில்லை.

அப்பா அம்மாவின் காதில் ரகசியம் சொன்னார். (அப்பாவின் ரகசியம் இரண்டு வயல் தாண்டிக் கேட்கும்.) "இந்தம்மா மொகத்தப் பாத்தா நம்ம வி.ஏ.ஓ. தங்கம்ட்டீ."

மேடம் திரும்பினார். "நான் மாட்டுங்காவில பொறந்து வளர்ந்தவ. எனக்குத் தமிழ் நன்னாப் புரியும்."

அப்பா தோள்துண்டை இடுப்புக்கு இறக்கினார்.

"ரூம் யாரோடது?"

நான் கையைத் தூக்கினேன். சாயங்கால ரயிலில் ஊர் திரும்புவது போலக் கண்ணில் தெரிந்தது.

"அம்மா, மூட்டம் போட்டது நான்தான்" என்று அப்பா குறுக்கே வந்து நின்றார். "என்ன வேணும்னாலும் என்னைச் சொல்லுங்க. அவன் ரூமை மட்டும் எடுத்துராதீங்க. பையனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"சத்தியமா அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அம்மா.

"குச் நை மாலூம்" என்று மாமா, ஹிந்திக்காரர்களும் விட்டுப்போகக் கூடாதென்று.

மேடம் என்னைப் பார்த்தார். "நிஜமாவா?"

சட்டைக்குள் லேமினேஷன் நெஞ்சில் குத்தியது. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

"மேல இருக்கறது ஸ்மோக் அலாரம்னுமா தெரியாது?"

"அது தெரியும்மா" என்றார் அப்பா, மகனை விட்டுக்கொடுக்காமல். "வைஃபைன்னு சரியாச் சொன்னானே!"

தமிழ் தெரிந்த நாலைந்து பேர் முதலில் சிரித்தார்கள். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. மேடம் சிரிக்கவில்லை, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார், வெகு நேரம்.

தீர்ப்பு திங்கட்கிழமை வந்தது. அறை எனக்குத்தான். பொய் அலாரத்துக்கு அபராதம் இரண்டாயிரம். அதோடு, அன்று மாடியிறங்கி வந்த ஒவ்வொருவருக்கும் என் கையால் ஒரு பழம் கொடுக்க வேண்டும். அதற்குள் தாரும் வாட்ச்மேன் அறையில் தங்கம் போலப் பழுத்திருந்தது. கிடைத்த ஐந்து நிமிஷப் புகையே போதும் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வாட்ச்மேன் கணக்குப்படி நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேர். தாரில் இருந்தது நூற்றுப் பதினான்கு பழம்.

அப்பாவும் நானும் மாமாவும் செம்பூர் மார்க்கெட்டுக்குப் போனோம். அப்பா வாழைப்பழக்காரர் முன்னால் நின்றார். ஒரு பழத்தை எடுத்துக் காம்பைப் பார்த்தார், கீழே வைத்தார். டஜன் எழுபது என்றார் அந்த ஆள். ஊரில் முழுத் தாருக்கே வியாபாரி நூற்றைம்பது தருவதற்குள் அப்பா பாதி நாள் பேச வேண்டியிருக்கும். அங்கே அவர் பேரமே பேசவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து நோட்டை எடுத்து எண்ணிக் கொடுத்துவிட்டு, "உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே" என்றார்.

இப்போது நான் மும்பையை ஒட்டிய வாஷியில் குடும்பத்தோடு இருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கினால் என் மனைவி, "வைஃபை கத்தப் போகுது" என்கிறாள். அபராதக் கதையை அப்பாவே பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் வரை சொல்லியாயிற்று. ஆனால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அக்காவிடம் அன்றிரவு போனில் சொன்ன செலவுக் கணக்கை மட்டும் அவர் இன்றுவரை மாற்றவில்லை. அக்கா வாராவாரம் பத்திரிகை படிப்பவள், இதையும் படிப்பாள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, அபராதம் இரண்டாயிரம் என்பது உண்மை. செம்பூரிலிருந்து தேவ்நாருக்கு ஆட்டோக்காரன் வாங்கினான் என்று அப்பா ஒரு தொகை சொன்னாரே, அது ஏழு டஜன் வாழைப்பழம். நானூற்றுத் தொண்ணூறு ரூபாய்.