மட்டாஞ்சேரியில் நனைந்த புளி

எழுதுகிற அளவுக்கு நான் ஆளில்லை. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டவே எனக்கு அரை மணி நேரமாகும். அப்படிப்பட்டவன் கொச்சியைப் பற்றி எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தொரு வயது. தர்மபுரிப் பக்கம் கம்பைநல்லூரில் அப்பாவுக்குப் புளி வியாபாரம். மட்டாஞ்சேரியில் மண்டி வைத்திருந்த ஒரு தமிழ்ப் பாயிடம் காட்ட, மாதிரிக்கு ஒரு சின்ன மூட்டையைக் கொடுத்து அனுப்பினார்.

"பாய்க்குச் சரக்கு புடிச்சா நம்ம மண்டியிலயே இரு. இல்லன்னா பெங்களூர் போயி உங்க மாமன் ஓட்டல்ல எலை எடு."

(இலை எடுப்பதுகூடப் பரவாயில்லை. மாமாவின் பேச்சைக் கேட்க வேண்டும்.)

எர்ணாகுளத்தில் படகு ஏறி மட்டாஞ்சேரியில் இறங்கினேன். தெருவெல்லாம் மிளகும் சுக்கும் மணந்தன, தும்மிக்கொண்டே நடந்தேன். பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார், மூன்று மணிக்குத்தான் வருவார் என்றார்கள் மண்டியில். மூட்டையை அங்கேயே வைத்திருக்கலாம். கேட்க வெட்கம். படகுத்துறைக்கே திரும்பி, நிழலாக இருந்த கீழ்ப்படியில் வைத்து, மேலே துண்டைப் போட்டேன். எங்கள் சந்தையில் துண்டு போட்ட மூட்டையை எவனும் தொடமாட்டான்.

பிறகு ஊர் பார்க்கக் கிளம்பினேன். குஜராத்திக்காரர்கள் தெருவில் ஊஞ்சல் ஆடும் கூடங்கள். யூதர் தெருவில் ஒரு வயதான அம்மா ஜன்னல் வழியே சிரித்தார். பயத்தில் வணக்கம் வைத்தேன். கோட்டைப் பக்கம் சீன வலை தூக்குவதை வாய் பிளந்து பார்த்தேன்.

திரும்பி வந்தால் கீழ்ப்படிகளைக் காணோம். மூட்டை பாதி தண்ணீருக்குள். துண்டு மட்டும் ஒரு படகின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கடலுக்குச் சந்தை மரியாதை தெரியவில்லை.

"மழையே பேயலீங்களே! தண்ணி எப்படிங்க ஏறுச்சு?" என்று அலறினேன்.

அங்கே மூட்டை தூக்கும் ஒருவர், நல்லவேளை தமிழர், திரும்பிப் பார்த்தார். "கடல் தெனமும் ஏறும், தெனமும் எறங்கும். நீ எந்த ஊருய்யா?"

"தர்மபுரிங்க."

"அதான பாத்தேன்!" சிரித்துச் சிரித்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

வயிற்றில் புளியைக் கரைத்தது. (மிச்சத்தைக் கடல் கரைத்திருந்தது.) சொட்டச் சொட்டச் சுமந்துபோய் பாய் முன்னால் இறக்கினேன்.

"என்ன தம்பி, ரசம் வச்சே கொண்டாந்துட்டியா?"

பொய் சொல்லவும் தைரியம் வேண்டும். நடந்ததை அப்படியே சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. கத்தி எடுத்து மூட்டையைக் கிழித்தார். வெளியே சேறு, இரண்டு விரல்கடை ஆழத்துக்கு அப்பால் புளி காய்ந்த பதத்தில், செக்கச்செவேலென்று இருந்தது.

"யாரு மிதிச்சு அடைச்சது?"

"நாந்தானுங்க."

"கடல்ல ஊறியும் உள்ள ஈரம் ஏறல. இதே மாதிரி மிதிச்சு அனுப்புங்க, எடுத்துக்கறேன். ஆனா நீ கொண்டு வராத தம்பி. லாரியில போடு."

இன்றைக்கும் நான் எதையாவது தரையில் வைத்துவிட்டு நகர்ந்தால், "ஏங்க, கடல் வருது!" என்பாள் என் மனைவி. பிள்ளைகள் உடனே காலைத் தூக்கிக்கொள்வார்கள்.

அந்தத் தடவை கொச்சியிலிருந்து மறுநாள் மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தேன். பாய் சொன்னதை அப்பாவிடம் சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் புளி மிதித்தேன். அப்பாவும் கூட இறங்கி மிதித்தார்.