தட்டிப் பார்த்து வாங்கிய பிளாக்

காது கூர்மையாக இருப்பவனை ஊரே பாராட்டும். கூடக் குடும்பம் நடத்துகிறவளைக் கேட்டால்தான் கதை தெரியும். ஒரகடத்தில் இரும்பு வார்ப்புகளைச் சின்னச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பது என் வேலை. நல்ல வார்ப்பு ‘டிங்’ என்று மணி மாதிரி ஒலிக்கும்; விரிசல் இருந்தால் ‘டொக்’. (வீட்டில் குழம்புச் சட்டி வரை தட்டியாகிவிட்டது.)

நாற்பது தாண்டிய பிறகு எனக்கு பைக் ரேஸ் ஆசை வந்தது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் புதியவர்களுக்கான போட்டி. பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் அந்த இன்ஜின் பாகத்தை, மாற்றிக்கொள்ள விதியிலேயே இடமுண்டு. பைக்கோடு வந்ததையே வைத்துக்கொள்வதா, கடையில் விற்கும் பெரிய ரேஸ் பிளாக்கைப் போடுவதா? பென்னலூர் மெக்கானிக் முருகன் இரண்டையும் மேஜைமேல் வைத்தான்.

“கம்பெனி பிளாக்கு சாவாது, ஆனா பறக்காது. இது பறக்கும். சூடு தாங்கலன்னா புட்டுக்கும்ணே.”

ஆர்வம் தாங்காமல் ஸ்பேனரால் தட்டினேன். கம்பெனி பிளாக் ‘டொக்’ என்றது. ரேஸ் பிளாக் ‘டிங்ங்ங்’ என்று இழுத்தது.

“அண்ணே, இது பிளாக்கு. தேங்கா இல்ல.”

“எனக்கே சொல்லித் தர்றியா? டிங்கையே மாட்டு.”

என் மனைவி கலா மறைமலை நகருக்கு வேலைக்குப் போவதும் அதே பைக்கில்தான்.

“இன்ஜின் நடுவுல நின்னுச்சுன்னு வையி, அத்தோட ரேஸ் காலி. வண்டி எனக்கு. சரியா?”

சரி என்றேன். டிங் இருக்கும்போது என்ன பயம்?

நைட் ஷிப்ட் முடிந்து நேராக டிராக்குக்குப் போனேன். (வீட்டுக்குப் போயிருந்தால் தூங்கியிருப்பேன்.) மூன்றாவது சுற்றில் எனக்குப் பின்னாலும் நாலு பேர் இருந்தார்கள்! அந்த ஆச்சரியம் அடங்குவதற்குள் அடியிலிருந்து ஓசை: டொக். டொக். டொக்.

விரிசல்! இன்ஜினை அணைத்து, ஓரங்கட்டி, “வெடிக்கப் போவுது, ஓடுங்க!” என்று கத்தியபடி மண்ணில் உருண்டேன். தீயணைப்பு சிலிண்டரோடு ஓடிவந்தவர் பைக்குக்குப் போக மீதியை என்மேல் அடித்தார்.

முருகன் வந்து ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் அழகாக ஓடியது. அவன் என் கழுத்தைப் பார்த்தான்.

“அண்ணே, இன்னாண்ணே இது?”

ஜாக்கெட் ஜிப் இறங்கி, கழற்ற மறந்த ஐடி கார்டு வெளியே தொங்கியது. அதில் மாட்டியிருந்த லாக்கர் சாவிதான் பெட்ரோல் டேங்கில் தாளம் போட்டிருக்கிறது.

வீட்டு வாசலிலேயே கலா நின்றிருந்தாள்.

“இன்ஜின் நிக்கல கலா, நான்தான் நிறுத்தினேன்.”

“நின்னுச்சா, இல்லியா?”

“...நின்னுச்சு.”

கையை நீட்டினாள். பைக் சாவியைக் கொடுத்தேன்.

அந்த பிளாக்குக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. நான் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். படப்பை தாண்டியதும் ஒரு பைக் உறுமிக்கொண்டு எங்களை முந்தும். உடனே பஸ் மொத்தமும் கூவும்: “அண்ணே, அண்ணி போறாங்கோ! டாட்டா காட்டுண்ணே!”

நானும் காட்டுவேன். கலா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கேட்டால், ரேஸில் பின்னால் வருகிறவனைப் பார்க்கக் கூடாதாம்.